பொழுதை நிற்கச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த என் பேரனின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். உதட்டில் உப்புக் கரித்தது. உன் கன்னத்தின் அதே உப்பு. "உன்னக் கிள்ளிப் போட்டா கொழம்புக்கு உப்பே வேணாம்" என்று செஞ்சி வீட்டில் உன்னைக் கேலி செய்வேனே, அந்த உப்பு.

இப்போது அதற்குப் பெயர் இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். பிறக்கும்போதே உடன் வருவதாம். வியர்வையில் உப்பு மிகும், நுரையீரலில் சளி பசையாக அடைத்துக்கொள்ளும், தின்றது உடம்பில் ஒட்டாது. டாக்டரம்மா சொல்லச் சொல்ல, உன்னைப் பார்த்துவிட்டு வந்து பேசுவதுபோல் இருந்தது எனக்கு.

ஒட்டாததால்தானே உனக்கு அந்தப் பசி! விளக்கு வைத்தபின் வாயில் எதுவும் போடாத சமண நயினார் வீடு நம்முடையது. கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை நீ இலையை விட்டு எழுந்திருக்கமாட்டாய். "பொழுது போவுது, எழுந்திரும்மா" என்பார் நைனா. "பொழுத கொஞ்சம் நிக்கச் சொல்லு நைனா, எனக்கு இன்னும் பசிக்குது" என்பாய். நைனா சிரித்துவிடுவார்.

உனக்குப் பதினாறு வயதானபோது அந்தச் சிரிப்பு நின்றது. இருமல் ஓயவில்லை. டாக்டர் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். "கிருமி ஒண்ணும் தெரியல. ஆனாலும் டிபிதான்" என்று ஊசியைத் தொடங்கினார். அன்றைக்கே அம்மா உனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிக் கொல்லைச் சுவரின் மாடத்தில் வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். இருந்தாலும் அவள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

நீ அழவில்லை. சம்பா நடவு தொடங்கியதும் மழையோடு மழையாக நம் கழனியில் இறங்கிவிட்டாய்.

"இன்னாக்கா இது, இருமிக்கினே சேத்துல நிக்கிற?" என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

"இங்கதான்டி எனக்குன்னு தனி சொம்பு இல்ல" என்றாய்.

நடவுப் பெண்கள் உன் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று அவர்களோடு நீ சிரித்தாய்.

நடவு முடிவதற்குள் காய்ச்சல் கண்டது. எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. மழைக்காலம் முடியும் முன்பே நீ போய்விட்டாய். ஊர் 'டிபி வந்து செத்தவள்' என்றது. பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

இந்த மழையில் என் பேரன் தேங்கிய தண்ணீரில் ஆடிவிட்டு அதே மாதிரிக் காய்ச்சலில் விழுந்தான். சளியைச் சோதித்ததில், ஈரமண்ணிலும் மழைத்தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி என்று தெரிந்தது. மெலியாய்டோசிஸ் என்று நோய்க்குப் பெயர். "அபூர்வம்தாம்மா. ஆனா இந்த மாதிரி நுரையீரல்ல சுலபமா பிடிச்சுக்கும். டிபின்னே நெனச்சு ஏமாந்துடுவாங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்கக்காவுக்கு டிபி இல்ல!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

உன்னைச் சோதித்துச் சொல்ல இனி யாராலும் முடியாது. தெரியும். டிபி என்றும்தான் யாரும் நிரூபித்துக் காட்டவில்லையே. டிபியாகவே இருந்திருக்கட்டும், அந்த மாடம் உனக்கு எதற்கு? கழனியை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. சேறுதான் உன்னைக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் நீ கடைசியாகச் சிரித்ததும் அங்கேதான்.

மருந்து ஏறி இவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி மழைநாளில் சேற்றுப் பக்கம் விடமாட்டேன்.

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்தார். பையிலிருந்து ஒரு புது டம்ளரை எடுத்து, "இது அவனுக்குத் தனியா இருக்கட்டுங்க. வீட்ல மத்த புள்ளைங்க இருக்குது" என்றார். எங்களுக்கெல்லாம் இது தொற்றாது என்று டாக்டரம்மா சொன்னதை அவரும் கேட்டவர்தான்.

பேரன் குடித்து மீதி வைத்திருந்த பாலை எடுத்தேன். அவர் பார்க்க, அதே டம்ளரில் வாய் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பேரன் என் புடவையைப் பிடித்து இழுத்தான். "ஆயா, அது என்னுது! எனக்கு இன்னும் பசிக்குது."

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிற்கச் சொன்னேன், அக்கா.