மச்சான் கொண்டுவந்த கோடிச் சேலை

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, இரவு.

போன மாதம் பெரிய பாடகர் ஒருவரின் பாட்டு வீடியோவில் பிணமாக நடித்தேன். பாபநாசம் ஆற்றங்கரையில் மாலை போட்டுப் பாடையில் கிடத்தினார்கள். ஆயுள் முழுக்க நாடக மேடையில் கத்தியவன், அன்று பேசாமல் கிடந்ததற்குக் கைதட்டு வாங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மத்தியானம் சாத்தான்குளத்திலிருந்து மச்சான் அழுதுகொண்டே வந்தார். யாரோ போனில் காட்டியதை நிஜமென்று நம்பி, தன் தங்கச்சிக்குக் கோடிச் சேலை எடுத்து வந்துவிட்டார். புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் போர்த்துகிற சேலை அது. நான் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தேன்.

"ஏ மாப்ள! இருக்கேரா வே?"

"இருக்கேன். உள்ள வாரும்."

"இத கையில வச்சிக்கிட்டு எப்படி வே உள்ள வர?"

வீட்டுக்குள்ளும் கொண்டுவரக் கூடாது, திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது. வாசல் முருங்கை மரத்தில் போட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போலவே சொல்லிக்கொள்ளாமல் போனார்.

என் வீட்டுக்காரி அந்தச் சேலையைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாட்டை எடுத்துவிடச் சொல்லிப் படக்காரர்களுக்குப் போன் போட்டேன்.

"ஊரே பாத்தாச்சு ஐயா, இனி எடுத்து என்ன செய்ய?" என்று ஒருவன் சிரித்தான்.

படுத்தேன். உலுக்கி எழுப்பினாள்.

"மல்லாந்து படுக்காதிய. அங்கன கிடந்த மாதிரியே இருக்கு."

"நடிப்புதானட்டி."

"அது எனக்குத் தெரியாதா? மனசு கேக்கலியே!"

ஒருக்களித்துப் படுத்தாலும் அழுகிறாள். உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி இதை எழுதுகிறேன். தூக்கம் சொக்குகிறது. என் கண் மூடிவிடாமல் எதிரே காவல் இருக்கிறாள்.