எட்டாவது பெட்டிக்குள் கேப் வேர்டே

யாகப்பர் துணை

குருநகர்
02.06.2026

அன்புள்ள மகன் ஜெனிஸ்ரனுக்கு அம்மா எழுதுவது. யாகப்பரின் புண்ணியத்தில் இங்கே எனக்கு முழங்கால் நோவைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனம்தான் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மருமகள் ஜெசிதாவும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்குத் திரி கொளுத்துகிறேன், இன்றைக்கும் கொளுத்தினேன், உன்னோடு கோபம் என்பதற்காக அதில் குறை வைக்கவில்லை. போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ கதைப்பாய், நான் ஓம் ஓம் என்பேன், நான் வாய் திறக்கிற நேரம் உனக்கு வேலைக்குப் போகிற நேரம் வந்துவிடும். கடிதத்தில் நீ இடையில் புகுந்து கதைக்க முடியாது. பக்கத்து வீட்டு மேர்சி ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், வாசிக்க மாட்டேன் என்று மாதா பேரில் சத்தியம் செய்திருக்கிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டு அரைகுறையாக வாசிக்காதே, சாப்பிட்டுவிட்டு இருந்து வாசி.

உனக்கு வந்தது தலையும் இல்லாத வாலும் இல்லாத பதினான்கு செக்கன் வீடியோ, ஆகையால் நான் முதலிலிருந்து சொல்கிறேன். உலகக் கிண்ணம் வருகிற ஒவ்வொரு முறையும் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் ஊகத் தாள் கொடுப்பது உனக்குத் தெரியும். எந்தக் குழுவில் எது முதலாவது, எது இரண்டாவது, கால் இறுதிக்கு வரப்போகிற எட்டு அணிகள் எவை என்று எட்டுப் பெட்டிகள், கடைசியில் கிண்ணம் யாருக்கு. ஆர் கூடுதலாகச் சரி சொல்கிறாரோ அவர்தான் யாகப்பர் பெருநாள் கிண்ண இறுதி ஆட்டத்தன்று பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நடு மைதானத்தில் வைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஒரு பெண்ணும் கால் வைத்ததில்லை, எங்களுக்கு விதித்தது கோல் கம்பத்துக்குப் பின்னால் மதிலோரம். எனக்கு அந்தப் பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆசைதான், வேறொன்றும் இல்லை, ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுசிக்கு ஆசை வரக்கூடாதா? ஆண்கள் மட்டும் என்று தாளில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இல்லை. நிரப்பிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். எட்டாவது பெட்டிக்குள் கேப் வேர்டே என்று எழுதினேன். கழகத்துப் பெடியளுக்கு அந்தப் பேர் தெரியாது என்று நினைத்துப் பக்கத்தில் 'போர்த்துக்கேயப் பாஷை கதைக்கிற தீவு' என்றும் போட்டேன், அதுதான் நான் விட்ட பிழை, படிப்பித்து எழுதப் போனது.

போன வெள்ளிக்கிழமை எல்லாருடைய ஊகத்தையும் வாசிகசாலைக்கு முன்னால் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். என் பேருக்கு நேரே எட்டாவது பெட்டிக்குள் போர்த்துக்கல் என்று கிடக்கிறது. நான் ஏற்கெனவே மூன்றாவது பெட்டிக்குள் போர்த்துக்கல் எழுதியிருந்தேன் மோனை! ஒரே அணி இரண்டு பெட்டிக்குள். போர்த்துக்கல் போர்த்துக்கலோடே கால் இறுதி விளையாடும் போல. அதை எழுதினவனுக்கும் தெரியவில்லை, வாசித்தவர்களுக்கும் தெரியவில்லை. செயலாளர் ஜெயசுதனிடம் கேட்டேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, அன்ரி உங்களுக்குப் பேர் மாறிப் போச்சு, நாங்கள் திருத்தி விட்டனாங்கள், உங்கடை நன்மைக்குத்தான் என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். நான் அடுத்த நாள் காலமை பூசை முடிந்து வருகிற வழியில் தோளில் கிடந்த துவாயால் போர்த்துக்கலைத் துடைத்தேன், சோக்கட்டியை எடுத்துக் கேப் வேர்டே என்று எழுதினேன், அவ்வளவுதான் நடந்தது. எந்தக் குறுக்காலை போவான் வீடியோ எடுத்தானோ தெரியாது. அன்றைக்குப் பின்னேரமே நீ போன் எடுத்து, அம்மா விடுங்கோ, போத்துக்கல் எண்டாலும் நல்ல ரீம்தானே, இங்கை எங்கடை ஊர்ச் சனம் எல்லாம் பாத்துச் சிரிக்குது, அப்பா எவ்வளவு மரியாதையா இருந்த கிளப் எண்டு உங்களுக்குத் தெரியாதோ, அப்பா இருந்தால் உங்களை இப்பிடி விடுவாரோ என்றாய். அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

நான் ஏன் கேப் வேர்டே எழுதினேன் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? உன்னோடு களஞ்சியத்தில் வேலை செய்கிற அந்த நெடிய மனிதரை நீதானே போன மாரியில் வீடியோவில் காட்டினாய். அவர் தன் ஊர் அந்தத் தீவு என்றார், நான் பகிடிக்கு அவர் காலில் போட்டிருந்ததைக் காட்டி அதுக்கு என்ன சொல்லுவியள் என்று உன்னைக் கேட்கச் சொன்னேன். சப்பாத்து என்றது என் காதில் விழுந்தது. மேசைக்கு மேசை, யன்னலுக்கு யன்னல், துவாய்க்குத் துவாய், கேட்கக் கேட்க எங்கள் சொல்லே வந்தது. எங்களைப் பிடித்து ஆண்ட அதே போர்த்துக்கேயர்தான் அவர்களையும் ஆண்டிருக்கிறார்கள், அதே சாமான்களைத்தான் இரண்டு இடத்திலும் விட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர்களின் ஆட்டம் எங்கே ஓடினாலும் மேர்சியின் போனில் பார்க்கிறேன். சப்பாத்துக்காக ஒரு அணியைக் கால் இறுதிக்கு அனுப்ப நான் விசரி இல்லை. எங்கள் மாவட்டத்தை விடச் சனம் குறைந்த நாடு, தகுதிச் சுற்றில் கமரூனைப் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறது, சும்மா வருமா? பின்வரிசை அவசரப்பட்டு முன்னுக்கு ஓடாது, பந்து போனால் ஒரு மூச்சில் எல்லாரும் திரும்பி வந்து நிற்பார்கள், எவன் எவனைப் பிடிக்க வேண்டும் என்று கத்தத் தேவையில்லை. ஸ்பெயினிடம் தோற்பார்கள், அது எனக்கும் தெரியும், ஒரு கோலுக்கு மேல் வாங்க மாட்டார்கள். சவூதி அரேபியாவை வெல்வார்கள், உருகுவேயோடு இழுத்துப் பிடிப்பார்கள், குழுவில் இரண்டாவது. அப்படி வந்தால் அடுத்து ஆர்ஜன்டீனா வரக்கூடும் என்று மேர்சி அட்டவணையைப் பார்த்துச் சொன்னாள், வரட்டுமே. அதுவும் இழுபட்டுத் தண்ட உதைக்குப் போகும், அவர்களின் கோல் காப்பாளருக்கு நாற்பது வயதாம், நாற்பது வயதில் கோலுக்குள் நிற்கிறவன் சும்மா பாய மாட்டான். அதற்கு அடுத்த ஆட்டத்தையும் வென்றுவிட்டால் கால் இறுதியில் போர்த்துக்கலோடே மோத வேண்டி வரலாம், அதைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன். மற்றதும் கேள், பிரேசில் இந்த முறையும் ஆடி ஆடியே வீட்டுக்குப் போகும், மொறோக்கோ கால் இறுதிக்கு வரும், உங்கள் கனடா குழுவைத் தாண்டும், அதற்கு மேல் எதிர்பார்த்துச் சின்னவளுக்குக் கொடி வாங்காதே, கிண்ணம் பிரான்சுக்கு. பிழைத்தால் பிழைக்கட்டும், பிழையும் என்னுடைய பிழையாக இருக்க வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக் கதை. பலகையைத் துடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுப் போர்த்துக்கலை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாளைத் தள்ளிவிடுவோம் என்றார்கள். பதினேழு ஆம்பிளைகள், நான் ஒருத்தி, சுவரில் அப்பாவின் படம். என் தாளை எடுங்கோ, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உரக்க வாசியுங்கோ என்றேன். ஜெயசுதனுக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. அன்ரி, சும்மா என்னைக் குற்றம் சொல்லாதேங்கோ, நான் ஜெனிஸ்ரன் அண்ணைட்டைக் கேட்டுத்தான் மாத்தினனான் என்று தன் போனைத் தூக்கி எல்லாருக்கும் முன்னால் உன் குரலைப் போட்டுவிட்டான். கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு, அவாவுக்கு உதுகள் என்ன தெரியும், ஆரும் சொல்லிக் குடுத்திருப்பினம், போத்துக்கல் எண்டு போட்டு விடு தம்பி, அம்மாட்டைச் சொல்லாதை என்கிறாய். உன் குரல்தான் மகனே, வேறு ஆருடைய குரலுக்கும் நான் ஏமாறியிருப்பேன், உன்னுடையதை எனக்குத் தெரியாதா? பதினேழு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, அவர்களுக்கு முன்னால் அழுதால் அதையும் வீடியோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு தலைவர் ஒரு சமாதானம் சொன்னார். வருகிற ஞாயிறு உனக்குப் போன் எடுப்பார்களாம், மகன் ஒரு சொல்லுச் சொன்னால் கேப் வேர்டே எண்டே போட்டு விடுறம் என்றார். எனக்கு நல்லது செய்கிறாராம். என்ரை தாளுக்கு நான் உயிரோடை நிக்கிறன், மகனைக் கேக்க நான் என்ன செத்தே போனன் என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அங்கே ஒரு கதையைச் சொல்லியிருந்தால் அந்தப் பதினேழு பேருக்கும் வாய் அடைத்திருக்கும், தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா இருந்தால் விடுவாரோ என்று கேட்டவன் நீ. இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பி இரண்டாவது பெருநாள், இறுதி ஆட்டம், கடைசித் தண்ட உதை, அப்பா பாய்ந்து பிடித்தார், படம் சுவரில் ஏறியது. அடிக்கிறவன்ரை கண்ணைப் பாத்துப் பாய்ஞ்சவர் என்று நீ ரொறன்ரோ முழுக்கச் சொல்லித் திரிகிற கதை. கண்ணைப் பார்த்திருந்தால் மற்றப் பக்கம் போயிருப்பார் மோனை. அந்தப் பெடியன் அரையிறுதியிலும் இரண்டு தண்ட உதை அடித்தவன், நான் மதிலோரம் நின்று பார்த்தேன், பந்தை வைக்கிறபோது எந்த மூலையைப் பார்க்கிறானோ அதற்கு எதிர் மூலைக்குத்தான் அடித்தான், இரண்டு முறையும். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் சொன்னேன், அப்பா முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு சரி அற்புதம் நீயே பாத்துச் சொல்லு என்றார். எப்படிச் சொல்கிறது, அத்தனை சனத்துக்குள் கத்தவா முடியும்? என் இடுப்பில் பதினொரு மாதப் பிள்ளை. பிள்ளை எந்த இடுப்பில் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாய வேண்டும், அதுதான் பேச்சு. அவன் பந்தை வைத்தான், வலது மூலையைப் பார்த்தான். அப்பா வலையில் தொங்கின துவாயில் கை துடைக்கிற சாட்டில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வலது இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தேன், நித்திரையில் இருந்த பிள்ளை வீரிட்டு அழுதது. அப்பா இடது பக்கம் பாய்ந்தார். அந்தப் பிள்ளை நீ. சனம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடியது, நான் மதிலோரம் நின்று உனக்கு முதுகு தடவினேன். ஆருக்கும் சொல்லிப்போடாதை என்று அன்றைக்கு அப்பா கேட்டார், இருபத்தொன்பது வருடம் சொல்லவில்லை, இனியும் கழகத்துக்குச் சொல்ல மாட்டேன். அவர் பாய்ந்தது பாய்ந்ததுதான், நான் பாயவில்லை, படம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் அப்பா இருந்தால் விடுவாரோ என்று இனி ஒரு நாளும் என்னிடம் கேட்காதே. அவர் என்னைக் கேட்டுத்தான் பாய்ந்தார்.

வேறு பெரிய புதினம் இல்லை. கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, சோளகக் காற்று பலமாக அடிக்கிறது, நண்டு மலிவு, உனக்கு விருப்பமான நண்டுக் கறி வைத்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது என்று வைப்பதில்லை, இந்தக் கோபத்தில் நேற்று வைத்துச் சாப்பிட்டேன். சின்னவளுக்கு அந்த மாபிள் கேக்கை நெடுகச் சாப்பிடக் கொடுக்காதே, பல் சூத்தையாகும். நீ இரண்டு வேலை செய்வதை நிற்பாட்டு, வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது, சிரித்து மறைக்கப் பார்க்காதே. ஜெசிதாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று ஒரு வரி எழுது. நீ என்ன செய்தாலும் என் பிள்ளைதான், திட்டுவேன், ஆனால் செபமாலையில் உன் பேரை ஒரு நாளும் விட மாட்டேன். யாகப்பரும் வேளாங்கண்ணி மாதாவும் உங்கள் மூவரையும் பனியிலும் வெயிலிலும் காத்துக்கொள்ளட்டும், உங்கள் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்து போகாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கழகத்திலிருந்து உனக்குப் போன் எடுப்பார்கள், பதினேழு பேரும் சுற்றி இருந்து கேட்பார்கள், நானும் அங்கே இருப்பேன். அம்மா சரி என்று சொல்லாதே, கேப் வேர்டே போடுங்கோ என்றும் சொல்லாதே, எனக்காக வாதாடவும் வேண்டாம். அம்மாட்டைக் கேளுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வை.

இப்படிக்கு
உன் அம்மா
அற்புதராணி