விமானத்துக்குப் போன என் நரைமுடி

அன்பு மகள் சுவேதாவுக்கு, புதுப்பட்டினத்திலிருந்து அம்மா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருப்பாய், இங்கே உன் அப்பாவின் இடது கண்ணைத் தவிர எல்லாம் நலம். போனில் சொல்லலாம் என்றால் நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், பாப்பாகிட்ட சொன்னியானா பாரு என்று மிரட்டல் வேறு. பக்கத்து வீட்டு சீனு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறான் என்றதும் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது. செங்கல்பட்டு டாக்டரம்மா உடனே எடுத்துவிடலாம் என்றார். இவர், நீ தீபாவளிக்கு அனுப்பினாயே துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற அந்த டைகர் மாத் பொம்மை விமான டப்பா, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது முடிகிற வேலையா? டப்பாவில் வந்த பைலட் சீட் மொழுக்கென்று இருக்கிறதாம், நிஜ விமானத்தில் பெல்ட் இருக்குமாம். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை உரித்து பிளேடால் நறுக்கி பெல்ட், செத்துப்போன சார்ஜர் ஒயரைப் பிரித்து அதற்கு பக்கிள், எள்ளளவுகூட இல்லை. அணுமின் பிளான்ட்டில் மீட்டர் ரிப்பேர் பார்த்த கை சும்மா இருக்காது, சரி. ஆனால் செய்ததையே பிய்த்துப் போட்டு மறுபடி செய்கிறார். ஆபரேஷனுக்குப் பயம், அதை மறைக்க ஒரு விமானம், எனக்குத் தெரியாதா.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இழுத்துக் கட்டும் கம்பிக்கு மீன்பிடிக்கப் போகும் மாயவன் அண்ணன் கொடுத்த வலை நரம்பு தடிமன் என்று என் சீப்பில் கை வைத்தார். கறுப்பு வேண்டாமாம், நரைதான் அசல் ஸ்டீல் கம்பி மாதிரி கீதாம். என் நரைக்கு வந்த வாழ்வைப் பார். உதிர்வதை எடுத்து வைத்துக் கொடுத்தேன். போன வாரம் பத்தவில்லை, இன்னும் கொடு என்றார். இருப்பது எலிவால், இதில் எங்கே போவது? அப்படி எவ்வளவு முடிதான் வேண்டும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், டப்பாவோடு வந்த புத்தகப் படத்தில் ஒற்றைக் கம்பி இருக்கிற இடத்தில் இவர் ரெண்டு ரெண்டாகக் கட்டி வைத்திருக்கிறார். இன்னாய்யா இது என்றேன். படத்துல ரெண்டுதான்டி கீது, உனக்குத்தான் கண்ணு பூட்ச்சு என்று என்மேலேயே பாய்ந்தார்.

வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைப்பார்களே, அந்தப் பூதக்கண்ணாடியை எப்போதும் இடது கண்ணில்தான் இடுக்கிக்கொள்வார், பழைய வேலைப் பழக்கம். அதைப் பிடுங்கி வலது கண்ணில் வைத்தேன். படத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், இடது கண்ணுக்கு மாற்றினார், மறுபடி வலது. அப்புறம் பூதக்கண்ணாடியைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டு மூடினார். எனக்கு ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. சாப்பிடும்போது, அப்போ பாப்பாவயும் நான் ரெண்டாத்தான் பாத்துகினு இருந்தேனா என்றார். வீடியோவில் இன்னா பாப்பா இப்படி ஊதிப்போய்ட்ட என்று கேட்டுவிட்டாரே, அன்றிலிருந்து நீ என்னோடு மட்டும்தானே பேசுகிறாய், அதைத்தான் சொல்கிறார்.

மறுநாள் அவரே டாக்டரம்மாவுக்கு போன் போட்டுத் தேதி வாங்கிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை. அதிகப்படி கம்பிகளை நான் தொடக்கூடாதாம், கண்கட்டு அவிழ்த்த பிறகு தானே பார்த்து எடுப்பாராம், அதுவரை விமானம் மாவு சல்லடைக்கு அடியில் இருக்கிறது. ஆனால் முதலில் பார்க்க நினைப்பது விமானத்தை இல்லை. வாய்விட்டுக் கேட்கிற ஆளா அவர், கட்டு அவிழ்க்கிற வெள்ளிக்கிழமைக்கு போனில் சார்ஜ் இருக்குமா என்று என்னை இப்போதே நச்சரிக்கிறார்.

குளிரில் தலையில் ஒன்றும் போடாமல் போகாதே, கருவாட்டை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வறு. திருப்போரூர் முருகன் உனக்குத் துணையிருப்பான், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வெள்ளிக்கிழமை காலை கட்டு அவிழ்ப்பார்கள், அங்கே எந்த நேரமானாலும் வீடியோவில் வந்துவிடு. அப்பா ஏதாவது சொன்னால் மறுபடி கோபித்துக்கொள்ளாதே. புரை விழாத என் கண்ணுக்கே நீ கொஞ்சம் ஊதித்தான் இருக்கிறாய்.

இப்படிக்கு
உன் அம்மா
தே. யோகேஸ்வரி