இடது கை

அம்மாவுக்கு மாரிச்செல்வி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இந்த ஓசூர் கம்பெனியில் ஜெர்சிக்கு இடது கை தைப்பதுதான் என் வேலை. வளரும் நாடுகளின் கிளப்புகள் மோதும் கால்பந்துப் போட்டிக்காக, பூட்டான் கிளப் ஒன்றின் ஜெர்சியை எங்கள் லைனில்தான் தைத்தோம். நேற்று அவர்கள் ஆடியதை ஹாஸ்டல் டிவியில் பார்த்தேன்.

"ஏன் புள்ள, எல்லாரும் பந்தப் பாத்தா நீ கையவே பாக்கற?" என்று உத்தனப்பள்ளி ரேவதி கேலி செய்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் தோற்றுவிட்டார்கள். தையல் பிரியவில்லை.

இங்கே குளிர். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி ஆடுகிறார்கள். சரஸ்வதி அத்தை வீட்டில் போய்ப் பார். பந்தை விட்டுவிடு, இடது கையைப் பார். அந்த நேரம் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெல் அடிக்கிறது.

உன் செல்வி