அண்ணன் வாங்கி வந்த டப்பா

1956 மார்ச் 9, இரவு.

டப்பாவில் வரைந்திருந்த குழந்தைக்கு மணிக்கட்டில்கூட மடிப்பு விழுந்திருந்தது. அண்ணன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த சத்து மாவு.

“பாத்தியா, எப்படிக் கொழுகொழுன்னு இருக்குது. இனிமே உன் ராகிக் கூழு வேணாம் புள்ள, பாப்பாவுக்கு நானே இதைக் கரைச்சுக் குடுத்துக்கறேன். உள்ள தாள் இருக்குது, படி” என்றாள் அண்ணி.

பள்ளியிலிருந்து நின்றபின் பாப்பாவுக்குக் கூழ் ஊட்டும் நேரம்தான் எனக்குப் பேச்சுத்துணை.

தானியத்தை முளைகட்டி, வறுத்து, அரைத்தது என்று தாளில் போட்டிருந்தது. ராகியை நானும் அப்படித்தான் செய்கிறேன். அண்ணன் ஆசையாக வாங்கி வந்ததைக் குறைசொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அந்த வரியைச் சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை. வெந்நீரில் இரண்டு கரண்டி என்று மட்டும் சொன்னேன்.

பாப்பா என்னிடம் தாவியது. அண்ணி விடவில்லை.

துணியில் கட்டிவைத்த ராகி முளைவிட்டிருக்கிறது. எழுந்துபோய் அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.