தவக்காலம் முடிந்த பிறகும் கஞ்சி

குருநகர்

அன்பு மகன் ஜெரோசனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நான் சுகம், நீயும் மருமகள் டிலக்ஷியும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். அம்மாவும் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை, மகன். பயந்துவிடாதே, நடமாடுகிறாள், சமைக்கிறாள், இந்தக் கருவாட்டுப் பொதியைக் கட்டியதும் அவள்தான். பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் மகள் பிரான்சுக்குத் திரும்புகிறாள், அவள் கொண்டு வரும் பொதிக்குள் அம்மாவுக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டில் போனை எடுத்தால் அவள் காதும் கூடவே வந்துவிடும்.

இந்தத் தவக்காலம் முழுக்க அம்மா கஞ்சிதான் குடித்தாள். பாண் ரொட்டியைக்கூடத் தேநீரில் ஊறவைத்துத்தான் தின்றாள். உன் வதிவிட வழக்குக்காக நேர்த்தி வைத்து ஒருசந்தி நோன்பு இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நேர்த்தியோ என்று கேட்டதற்கு ஓம் என்று தலையாட்டினாள். கோயில் வாசலில் நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். அம்மா ஏன் கதைக்கேக்கை வாயைப் பொத்திறா, போன் கமராவை ஏன் கூரை முகட்டுக்குத் திருப்புறா என்று நீ கேட்டாய். கிழவிக்கு இப்பதான் வெக்கம் வந்திருக்கு என்று பகிடி விட்டேன். அதை நினைக்க இப்போது நெஞ்சு எரிகிறது.

உயிர்த்த ஞாயிறன்று ஆட்டிறைச்சிக் கறி வைத்து எனக்குப் போட்டாள். தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனால், சோற்றைச் சொதியில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். உன்ரை ஒருசந்தி இன்னும் முடியேல்லையோ என்று சிரித்தேன். அவள் அழுதுவிட்டாள். யன்னலடிக்குக் கூட்டிப் போய் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடித்திருக்கும் முரசில் சிவப்பாய் ஒரு சதை வளர்ந்து பல்லைப் பாதிக்கு மூடியிருந்தது, பல்லிலும் ஒரு கறுப்புப் புள்ளி. நத்தார்ப் பெருநாளுக்கு முன்பே சின்னதாய் இருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் அவனுக்குச் சொல்லுவியள், அவன் கேஸை விட்டிட்டு ஓடி வந்திடுவான் என்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் பல் டாக்குத்தர் அந்தச் சதையில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். புற்றுநோயாக இருக்குமோ என்றுதான் பயம், பார்த்தால் அப்படித் தெரியவில்லை, முடிவு வந்தால்தான் சொல்லலாம் என்றார். பிறகு, ஏன் இவ்வளவு நாள் விட்டனீங்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்குத் தெரியாது, அவர் கடலுக்குப் போறவர் என்று அம்மா எனக்காகக் கதைத்தாள். கடலுக்குப் போகிறவன்தான், ஆனால் மூன்று நேரமும் அவள் கையால் சாப்பிட்டவன். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தனக்குப் போட்டுக்கொள்வாள், நான் போய்ப் படுத்துவிடுவேன். கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் சாப்பிடுவதை நான் இருந்து பார்த்ததே இல்லை, மகன்.

முடிவு நல்லதோ கெட்டதோ மறைக்காமல் சொல்லுவேன். அதுவரை கேஸை விட்டு வராதே, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம், கமராவைத் திருப்பச் சொல்லிக் கேளாதே. டிலக்ஷி வேலையால் வந்து சாப்பிடும்போது நீ பக்கத்தில் இரு. வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. நம் கோயில் புனித யாகப்பர் உங்கள் இருவரையும் காக்கட்டும். இப்போது நானும் அம்மாவும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று ஏசுகிறாள். ஏசட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்பு அப்பா
கனிசியஸ்