கருத்தடைச் சீட்டைத் தேடிய வாரம்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து காற்று. அங்கன்வாடியில் காயப்போட்ட பாய் இரண்டு முறை பறந்தது. எடை போட்ட பிள்ளைகள் பதினொன்று. மதியம் லீவு போட்டு, தேனி ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா சொன்னது, மறக்காமல் இருக்க:
1. வெட்டிக் கட்டிய கருக்குழாயைத் திறந்து இணைப்பது. ஒரு ஆபரேஷன். பிறகு மாதாமாதம் காத்திருக்க வேண்டும். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.
2. ஐவிஎஃப். குழாய் தேவையில்லை. ஊசிகள், மதுரைக்கு அலைச்சல். பலிக்கும் என்று உறுதி இல்லை.
3. எதுவும் செய்யாமல் இருப்பது.
மூன்றாவது நானே எழுதிக்கொண்டது.

வயது 37. கருமுட்டை குறைவாம். "குழாயில எவ்வளவு வெட்டுனாங்கன்னு தெரியணும். பழைய சீட்டு இருக்கா?"

இருக்கிறது. முதல் வீட்டுக்காரர் செல்வத்தின் வீட்டில். சின்ன மகள் பிறந்த மறுநாள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்; கையெழுத்துப் போட்டவர் அவர். இறந்து ஆறு வருடம். தங்கப்பாண்டியைக் கட்டி இரண்டு வருடம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். அவருக்கென்று பிள்ளை இல்லை.

ஜூலை 9, புதன்
டவுன் பஸ், காமயகவுண்டன்பட்டி. மறுமணத்துக்குப் பிறகு போகவே இல்லை. செல்வத்தின் தங்கை மலர் மட்டும் வீட்டில். திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்க மதினி." இன்னும் மதினிதான்.

பொய் சொல்ல வரவில்லை. எதற்கு என்று சொல்லிவிட்டேன். பீரோவைத் திறந்தாள். சீட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணன் கையெழுத்து இருக்கறது இந்த ஒரு தாளுதான். ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடுத்துருங்க."

கடைக்குக் கூடவே வந்தாள். பஸ் ஏறும்போது, "புள்ள பொறந்தா இங்கன தூக்கிட்டு வருவீகளா?"

வருவேன் என்றேன். அழக்கூடாது என்று இருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
தேனி. இருபுறமும் நடுவில் கொஞ்சம்தான் வெட்டியிருக்கிறதாம். திறந்து இணைக்கலாம். "ஆனா உங்க வயசுக்குக் காத்திருக்க நேரம் கம்மி. நீங்கதான்மா முடிவு பண்ணணும்."

திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகம்.
அரைக் கிலோ பூண்டு. பெரியவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

ஜூலை 13, ஞாயிறு
ஜீப் ஓடாத நாள். அவர் பூண்டு உரித்தார்.

"எனக்காகன்னா வேணாம். இந்த ரெண்டும் என்னைய அப்பான்னுதான கூப்புடுதுக."

"உங்களுக்காக இல்ல. எனக்கே வேணும்."

சொன்ன பிறகு எனக்கே திகைப்பு. ஒரு வாரமாக அவருக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஐவிஎஃப். ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு மாசமும் நாள எண்ணிக்கிட்டு வருசம் பூரா இருக்க என்னால ஆகாது."

"பலிக்கலைன்னா?"

"அத்தோட விட்டுருவோம்."

இன்னொரு பூண்டை எடுத்து உரித்தார். பிறகு, "சரி. ஊசி ரொம்ப வலிக்குமா?"

தெரியாது என்றேன்.

பெரியவள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. குடத்தை இறக்கிவிட்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.